எட்டப்பன் என்னும் சொல்

வஞ்சகன், எத்தன், துரோகி எனத் தமிழில் சொற்கள் பல இருந்தும், கூட இருந்தே குழி பறிப்பவனைச் சுட்ட நாம் எடுத்தாள்வது 'எட்டப்பன்' என்பதையே. ஓட்டப்பிடாரத்தைச் சூழ்ந்த கரிசல் மண்ணில் விளைந்த வசைச்சொல் இது.

உண்மையில் அது தனியொருவர் பெயரன்று. எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். அம்மரபின் முன்னோர் ஒருவர், தம் கையால் மடிந்தவனுடைய தம்பியர் எண்மருக்குத் தந்தையாகி நின்றமையால் இப்பெயர் பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய நாளில் இது அந்நிலத்தை ஆண்டவரின் பெயர், அவ்வளவே.

பின்னர் வந்தது 1799. செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். கோட்டையை விட்டகன்ற கட்டபொம்மனை எட்டயபுரத்துப் படை கோலார்பட்டியில் வளைத்துப் போரிட்டது. தப்பிய அவரைத் தம் எல்லைக் காட்டில் பிடித்து ஒப்படைத்தவரோ புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு.

பிடித்துக் கொடுத்தவர் ஒருவர். சொல்லாகி நின்றது மற்றொருவர் பெயர்! 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் அதைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியது.

யூதாஸ் ஒரே பந்தியில் உண்டான்; முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தான். நம்பிக்கை இருந்த இடத்தில்தான் வஞ்சனைக்கு இடமுண்டு. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையிலோ நெடுநாளைய எல்லைப் பூசல். எட்டப்பர் கும்பினியார் பக்கம் நின்றதை மறைக்கவுமில்லை. அந்நியனுக்குத் துணைபோய் அதற்குப் பரிசாக ஊர்களையும் பெற்றுக்கொண்ட பழியை அவரிடமிருந்து நாம் நீக்க முற்படவில்லை. அது பெரும் பழியே. ஆனால் நண்பனாய் நடித்தார் என்பது வேறு குற்றச்சாட்டு, அதற்குச் சான்றில்லை. தொண்டைமானும் கும்பினியாரின் வெளிப்படையான நண்பரே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருவர் செயலால் ஒரு பெயரே கறைபடுவது புதிதன்று. திருத்தூதர் யூதாவைக் குறிப்பிடும்போது, 'இஸ்காரியோத்து அல்லாதவர்' என்று யோவான் நற்செய்தியாளரே விளக்க வேண்டியதாயிற்று. எட்டயபுரத்தாருக்கு அவ்வாறு விளக்கம் சொல்ல யாருமில்லை. உமறுப்புலவர் அடங்கிய மண், முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த ஊர் என்பதெல்லாம் இவ்வொரு சொல்லின் முன் எடுபடுவதில்லை.

பதினோரு வயதுச் சுப்பிரமணியனுக்குப் 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்ததும் அவ்வூரிலேதான். அம்மரபின் வரலாற்றைச் சொல்லும் 'வம்சமணி தீபிகை' 1879இல் அச்சேறியது. அதைப் பிழை களைந்து நல்ல தமிழில் எழுதித் தர விரும்புவதாக 1919இல் எட்டயபுரம் மன்னருக்குப் பாரதியார் கடிதம் எழுதினார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை.