மழைத்துடைப்பானும் அதன் பூணும்

பழைய கார்களைப் போற்றுவோர் அவற்றின் பொறியைப் பற்றிப் பேசுவர். ஆண்டைப் பற்றிப் பேசுவர். மெருகைப் பற்றிப் பேசுவர். முன்கண்ணாடியின் மீது இடமும் வலமுமாக அசையும் துடைப்பானைப் பற்றிப் பேசுவோர் அரியர். மழை வரும்வரைதான் அந்தப் புறக்கணிப்பு. அக்டோபர்த் திங்களின் மாலை மழையில், அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வழியே சுங்கைப் பட்டாணிக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், ஒரு டாட்சன் 120 ஒய் காரின் துடைப்பான் பாதியில் நின்றுவிடுமாயின், ஓட்டுவோர் சாலையோரம் ஒதுங்குவதன்றி வேறு வழியில்லை. பழுதைத் தேடினால் மின்னோடி நன்றாகவே இருக்கக்கூடும். தேய்ந்திருப்பது விரல்நகமளவே உள்ள ஒரு வளையம். பட்டறையில் அதனைப் 'புஷ்' என்பர்.

தமிழில் அதனைப் 'பூண்' எனலாம். உலக்கைப் பூண் மரத்தைப் புறத்தே காப்பது. இதுவோ துளையின் உள்ளே அமர்ந்து, இரண்டு இரும்புகள் ஒன்றையொன்று தின்னாதபடி தான் தேய்ந்து காப்பது. அச்சாணிக்கு ஒரு வள்ளுவர் கிடைத்தார். பூணுக்கு எவரும் கிடைக்கவில்லை.

துடைப்பானைக் கண்டவருக்கும் அப்படியே நேர்ந்தது. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் அம்மையார் நியூயார்க் நகரில் டிராம் வண்டியில் சென்றபொழுது, ஓட்டுநர் பனியால் மறைந்த கண்ணாடியோடு படும் இடரைக் கண்டார். வண்டிக்குள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கும் ரப்பர் விளிம்புத் துடைப்பானை வகுத்து, 1903 நவம்பர் 10ஆம் நாள் காப்புரிமை பெற்றார். 1905இல் கனடிய நிறுவனமொன்று அதற்கு வணிகப் பயன் இல்லையென்று மறுத்துவிட்டது. 1920இல் உரிமைக்காலம் முடிந்தது. கார்கள் பெருகியது அதன் பின்னரே. கண்டுபிடிப்பாளர் புகழ்மன்றத்தில் அவர் பெயர் ஏறியது 2011இல். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

கைப்பிடிக்குப் பின் வந்தது பொறியின் உறிஞ்சு விசையால் இயங்கும் துடைப்பான். 1950களின் போர்ட் பிரிபெக்ட், ஆங்கிலியா கார்களிலும் அது இருந்தது. மேட்டில் ஏறுகையில் பொறியை அழுத்த அழுத்த உறிஞ்சு விசை குன்றும், துடைப்பானும் தளரும். வேண்டும்பொழுது கைவிடும் நண்பனைப் போன்றது அது. 1926இலேயே ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னோடியால் இயங்கும் துடைப்பானைக் கொணர்ந்தது. காலப்போக்கில் அதுவே வென்றது.

மின்னோடி சுழல்வது, துடைப்பானோ ஆடுவது. சுழற்சியை ஆட்டமாக்க ஒரு சிறு வளைகரமும் நீண்ட இணைப்புத் தண்டுகளும் வேண்டும். அவை சந்திக்கும் மூட்டுதோறும் ஒரு பூண் உண்டு. நிமிடத்துக்கு நாற்பது, அறுபது முறை அசையும் அம்மூட்டுகளில் மயிரிழையளவு தேய்வு உண்டாயினும், நெடிய துடைப்புக் கையின் நுனியில் அது விரலளவு ஆட்டமாகப் பெருகும். கை சட்டத்தில் மோதி ஒலியெழுப்பும். ஒருபுறம் துடைக்கப்படாமல் நிற்கும். பின்னொரு நாள் தண்டு கழன்று விழும்.

பூண் ரப்பராகவும் வெண்கலமாகவும், பிற்காலத்தில் நைலானாகவும் அமைந்தது. ரப்பர் என்றதும் கெடாவின் வரலாறு இங்கே நுழைகிறது. 1909ஆம் ஆண்டின் ஆங்கில-சயாமிய உடன்படிக்கையால் கெடா ஆங்கிலேயர் ஆதிக்கத்துள் வந்தது. 1915இல் புகைவண்டிப் பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. கூலிம், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களில் பால்மரக் காடுகள் எழுந்தன. மோட்டார் வண்டியின் பசிதான் அவற்றை வளர்த்தது. கங்காணிகள் வழியே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் விடியுமுன் எழுந்து மரம் சீவினர். மழை பெய்து பட்டை நனைந்தால் சீவ முடியாது. அன்றைய கூலியும் இல்லை. அவர்கள் வேலையிழந்து லயத்தில் இருந்த அதே மழைக்குள் துரையின் கார் தயக்கமின்றிச் சென்றது. அதன் கண்ணாடியைத் துடைத்தது ரப்பர். அது எந்தத் தோட்டத்துப் பாலென்று எவரும் கேட்டதில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். மலாயா ரப்பர் கிட்டாமற்போகவே, அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பேரளவில் உற்பத்தி செய்தது. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதோர் மிகப் பலர். பொருளுக்கு மாற்றுக் காணப்பட்டது. அதனைத் தந்த மனிதருக்கு ஈடு ஏது?

இனி, தேய்ந்த பூணை மாற்றும் முறை. முதலில் மின்கலத்தின் இணைப்பை நீக்குவர். துடைப்பான் கைகள் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் காகித நாடாவால் குறிப்பர். இது தவறினால் பின்னர்க் கைகள் சட்டத்தில் மோதும். கைகளைப் பல்லச்சிலிருந்து கழற்றி, முன்கண்ணாடியின் அடிமூடியை நீக்கி, இணைப்புத் தண்டுகளை வெளியே எடுப்பர். பழைய பூணை நெம்பியெடுத்து முளையைத் துடைத்துப் பார்ப்பர். முளையே தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் புதுப்பூண் நிலைக்காது. இயற்கை ரப்பருக்குச் சாதாரண மசகு பகை. அது ரப்பரை ஊதவைத்து நைந்துபோகச் செய்யும். நைலானுக்கு அவ்வளவு கேடில்லை. புதியதைச் சுத்தியால் அடித்து ஏற்றாமல், பிடிசட்டத்தில் வைத்து மெல்ல அழுத்துவதே முறை. உரிய பூண் கடையில் கிட்டாதபொழுது கடைசல் பொறியில் பித்தளையிலோ நைலானிலோ கடைந்துகொள்வதும் உண்டு.

அலோர் ஸ்டாரில் பிறந்த பிரதமர் மகாதீர் காலத்தில், 1985 ஜூலை 9ஆம் நாள் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் இன்று பழங்கார் ஆகிவிட்டது. அதன் பூண்களும் தேயும் பருவம் இது. கெடாவின் பால்மரக் காடுகள் பலவற்றில் இப்பொழுது எண்ணெய்ப் பனை நிற்கிறது. ஆயினும், துடைப்பானின் விளிம்பிற்கு இயற்கை ரப்பர் இன்றும் பயன்படுகிறது. ஆதலால் வேலை முடிந்ததும் உலர்ந்த கண்ணாடியில் துடைப்பானை ஓட்டிப் பார்ப்பதில்லை, விளிம்பு கிழியும். ஒரு வாளி நீரைக் கண்ணாடியின் மீது ஊற்றிய பின்னரே விசையைத் தட்டுவர்.