உடைக்காமல் அறிதல்

ஓர் எஃகுத் துண்டின் வலிமையை நேரடியாக அளக்க வேண்டுமெனில், அது அறுந்து போகும்வரை இழுத்துப் பார்க்க வேண்டும். அறிந்த கணத்திலேயே அத்துண்டு பயனற்றதாகிவிடும். தொழிற்சாலைகளின் இந்த இக்கட்டிலிருந்து மீள, ஸ்வீடன் பொறியாளர் பிரினெல் 1900இல் முன்வைத்த சோதனை உதவியது. 10 மி.மீ. குண்டொன்றை 3000 கிலோ சுமையால் எஃகின்மீது அழுத்தி, பதிந்த குழியின் அளவிலிருந்து கடினத்தன்மையைக் கணக்கிடலாம்.

கடினத்தன்மை வேறு, வலிமை வேறு. ஆயினும் பல மாதிரிகளில் இரண்டையும் அளந்து புள்ளிகளாகக் குறித்தால், அவை ஏறத்தாழ ஒரு நேர்கோட்டை ஒட்டி அமைகின்றன. புள்ளிகளுக்கு மிகப் பொருந்தும் கோட்டைக் காணும் மீச்சிறு வர்க்க முறையை, வால்மீன்களின் பாதைகளைக் கணிக்கும் பொருட்டு லெஜாந்தர் 1805இல் வெளியிட்டார். ‘பின்னடைவு’ என்ற பெயரோ பிறிதோரிடத்திலிருந்து வந்தது. நெடிய பெற்றோரின் பிள்ளைகளது உயரம் சராசரியை நோக்கித் திரும்புவதை 1886இல் கால்டன் அவ்வாறு குறித்தார். அப்பொருள் மங்கிப் பெயர் மட்டும் நிலைத்தது.

இன்று பிரினெல் எண்ணை 3.45ஆல் பெருக்கி, எஃகின் இழுவலிமையைத் தோராயமாக மெகாபாஸ்கலில் சொல்கிறார்கள். 200 எனில் 690. ஆனால் அதே எண் கொண்ட சாம்பல் வார்ப்பிரும்பு பெரும்பாலும் அதில் பாதியைக்கூடத் தாங்காது. உள்ளே செதில்களாகக் கிடக்கும் கிராபைட், விரிசலைப் போல் அதைப் பலவீனப்படுத்துகிறது.

ஆகவே கோட்டை நம்புமுன், எவற்றை உடைத்து அதை வரைந்தார்கள் என்று கேட்பது நலம். உடைக்காமல் அறியும் நம் அறிவு, முன்பு உடைந்தவற்றிடம் பெற்ற கடனே.