விலகலின் வரலாறு: கும்பினி அரசும் கிளாப்பம் மனச்சாட்சியும்

பெங்களூரு மல்லேஸ்வரத்துக் காடு மல்லேஸ்வரர் கோயிலை ஒட்டிய பாறையில் 1669ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்று உள்ளது. மேதரநிங்கனஹள்ளி என்ற ஊரை மல்லபுரத்து இறைவனுக்கு ஏகோஜி மானியமாக அளித்ததை அது பதிவு செய்கிறது. சிவாஜியின் மாற்றாந்தாய் மகனாகிய இந்த ஏகோஜியே சில ஆண்டுகளில் தஞ்சையில் மராத்திய மரபைத் தொடங்கி வைத்தவர். மராத்தி பேசும் தளபதி, கன்னட நாட்டு ஊர், பின்னாளில் தமிழ் மண்ணில் அரியணை. மொழியும் எல்லையும் மாறினும் ஒன்று மாறவில்லை: ஆள்பவன் கோயிலுக்குக் கொடுப்பான், கொடுப்பதனாலேயே அவன் ஆள்பவன் என்று அறியப்படுவான்.

1799க்குப் பின் தஞ்சை, மதுரை, நெல்லைச் சீமைகளின் நிருவாகம் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது, வரிவசூலோடு இந்தக் கடமையும் சேர்ந்தே வந்தது. கும்பினி அதை மறுக்கவில்லை. மறுத்தால் வரி வராது என்பதை அதன் கலெக்டர்கள் நன்கறிந்திருந்தனர். 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர், மீனாட்சியம்மனுக்கு மணிகள் பதித்த பொன் அங்கவடிகளைக் காணிக்கையாக்கி, மக்கள் வாயில் 'பீட்டர் பாண்டியன்' ஆனார். 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி, கோயில், மசூதி, சத்திரம் ஆகியவற்றின் மானியங்கள் முறையாகச் செலவிடப்படுகின்றனவா என்று கண்காணிக்கும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. தேரோட்டத்துக்கு ஆள் திரட்டுவதும், திருவிழாவில் படைவீரரை அணிவகுக்கச் செய்து பீரங்கி முழக்குவதும் அரசின் அன்றாடக் காரியங்களாயின. இலண்டனில் தலைமையகம் கொண்ட ஒரு வணிகக் குழுமம் நடைமுறையில் இந்து அரசனின் வேடத்தை அணிந்திருந்தது.

இவ்வேடத்தைக் களையச் சொன்னவர்கள் இங்குள்ள குடிமக்கள் அல்லர். இலண்டனின் தென்புறத்துக் கிளாப்பம் என்ற ஊரில், ஜான் வென் பாதிரியாரின் திருச்சபையைச் சுற்றி வாழ்ந்த செல்வாக்கு மிக்க ஒரு சிறு வட்டம் அது. அடிமை வணிகத்துக்கு எதிராகப் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸ், வங்கி நடத்திய ஹென்றி தார்ன்டன், சக்கரி மெக்காலே, கும்பினியின் ஊழியராக வங்காளத்தில் பணியாற்றித் திரும்பிய சார்லஸ் கிராண்ட், கவர்னர் ஜெனரல் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஜான் ஷோர் ஆகியோர் அதில் இருந்தனர். தனிமனித மனமாற்றம், விவிலியத்தின் முழு அதிகாரம், நற்செய்தியைப் பரப்பும் கடமை ஆகிய மூன்றிலும் உறுதியான இவாஞ்சலிக்கல் இயக்கத்தார் இவர்கள். இவர்களை 'அடிப்படைவாதிகள்' என்று அழைப்பது காலமுரண். அச்சொல் 1910க்குப் பிறகு அமெரிக்காவில் வெளியான ஒரு துண்டு நூல் வரிசையின் பெயரிலிருந்து கிளைத்து, 1920இல்தான் ஓர் அணியின் பெயராக நிலைபெற்றது. ஆயினும் மறைநூலின் ஆணை அரசின் ஆணையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை இரு காலத்துக்கும் பொதுவானது. அதனால்தான் கிளாப்பம் வட்டத்தின் செயல்முறை இன்றும் ஆராயத் தக்கதாகிறது.

அவர்களது முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. 1793இல் கும்பினியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது, சமயப் போதகர்களையும் ஆசிரியர்களையும் இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்யும் விதி ஒன்றைச் சேர்க்க வில்பர்போர்ஸ் முயன்றார். கும்பினியின் இயக்குநர்கள் அதை முறியடித்தனர். சமயத்தில் கைவைத்தால் நாடு கைநழுவும் என்பது அவர்களின் கணக்கு. கும்பினியின் எல்லைக்குள் ஆதரவு கிட்டாததனால்தான் வில்லியம் கேரி 1800இல் டேனியர் வசமிருந்த சிராம்பூரில் தங்க நேர்ந்தது.

வாக்கெடுப்பில் தோற்றவர்கள் நியமனங்களின் பக்கம் திரும்பினர். 1794இல் இயக்குநரான கிராண்ட், 1805இல் கும்பினியின் தலைவரானார். படைப்பிரிவுகளுக்கும் ஐரோப்பியக் குடியிருப்புகளுக்கும் குருமார்களை நியமிக்கும் உரிமை இயக்குநர்களுக்கு இருந்தது. கேம்பிரிட்ஜில் சார்லஸ் சிமியோன் பயிற்றுவித்த இளைஞர்கள் அவ்வழியே வந்துசேர்ந்தனர். கிளாடியஸ் புக்கானன், ஹென்றி மார்ட்டின், டேனியல் காரி போன்றோர் பெயரளவில் ஐரோப்பியருக்கான குருமார். அவர்களின் நோக்கமோ அதைவிட விரிந்தது. ஓர் அரசின் போக்கை மாற்றச் சட்டமன்றப் பெரும்பான்மை தேவையில்லை, பணியமர்த்தும் மேசையில் ஓர் இருக்கை போதும் என்பதைக் கிராண்ட் எவரையும்விட முன்னதாகப் புரிந்துகொண்டார் எனலாம்.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். நெற்றிக்குறிகளை அழிக்கவும், தாடியை மழிக்கவும், தோலால் ஆன சின்னம் பொருந்திய புதுத் தலைப்பாகையை அணியவும் பிறப்பித்த ஆணைகளே உடனடிக் காரணங்கள். கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மக்களும் எழுச்சியின் கதையில் இடம்பெறுகின்றனர். கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி ஜான் கிராடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். இலண்டனிலோ வேலூர் வேறு பொருள் பெற்றது. மதப்பரப்பலே சிப்பாய்களை அச்சுறுத்தியது என்று தாமஸ் ட்வைனிங் போன்ற கும்பினியின் பழைய ஊழியர்கள் 1807இல் துண்டு நூல்களை வெளியிட்டனர். தலைப்பாகைக்கும் சிராம்பூருக்கும் என்ன தொடர்பு என்று இவாஞ்சலிக்கல் அணி கேட்டது. கேள்வி நியாயமானதே, வேலூரில் எந்தப் போதகரும் உபதேசித்துக் கலகம் மூளவில்லை. ஆனால் சிப்பாய்களின் அச்சம் குறிப்பிட்ட ஒரு பாதிரியைப் பற்றியதன்று, அரசின் உள்நோக்கத்தைப் பற்றியது. அவ்வேறுபாட்டை இரு தரப்பும் கண்டுகொள்ளவில்லை.

1813இல் சாசனம் மீண்டும் புதுப்பிக்க வந்தது. இம்முறை கிளாப்பம் வட்டம் அடிமை வணிக எதிர்ப்பில் தேர்ந்த உத்தியைப் பயன்படுத்தியது. நாடு முழுவதும் தேவாலயங்களில் கையொப்பங்கள் திரட்டப்பட்டு, 800க்கும் மேற்பட்ட மனுக்கள் நாடாளுமன்றத்தில் குவிந்தன. விளைவாகப் போதகர்கள் உரிமம் பெற்று வர வழி திறந்தது. கல்கத்தாவுக்கு ஒரு பேராயரும் மூன்று ஆர்ச்டீக்கன்களும் அனுமதிக்கப்பட்டனர். கல்விக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஒதுக்கும் புகழ்பெற்ற விதி இதே சட்டத்தில்தான் இருக்கிறது. பாடநூல்கள் அதை மட்டும் பிரித்தெடுத்துக் கற்பிப்பது வியப்புக்குரியது.

அடுத்த கட்டத்தில் போராட்டத்தின் திசை மாறியது. இதுவரை கேட்டது அனுமதி. இனிக் கேட்டது விலகல். சிலைவழிபாட்டுடன் கிறித்துவ அரசு கொண்டுள்ள தொடர்பு பாவம் என்று ஜான் பாய்ண்டர் என்ற பங்குதாரர் கும்பினியின் பங்குதாரர் அவையில் ஆண்டுதோறும் முழங்கினார். கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக அப்போது இருந்தவர் கிராண்டின் மகன், அவரும் சார்லஸ் கிராண்ட்தான். கோயில்களின் உள்நிருவாகத்திலிருந்தும் யாத்திரை வரியிலிருந்தும் அரசு விலக வேண்டும் என்று 1833 பிப்ரவரி 20 நாளிட்ட ஆணை இந்தியாவுக்கு வந்தது. தந்தை தொடங்கியதை மகன் கையொப்பமிட்டான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆணை வந்ததும் எதுவும் நடக்கவில்லை. மதராஸ் அதிகாரிகள் அதை அலமாரியில் வைத்துவிட்டனர்.

அலமாரியைத் திறக்க வைத்தவர்கள் மதராஸிலேயே இருந்த அரசு ஊழியர்கள். 1836இல் குருமார், சிவில் அதிகாரிகள், படை அதிகாரிகள் என 200க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு ஒன்றை மதராஸின் முதல் பேராயர் அரசிடம் முன்வைத்தார். திருவிழாக்களில் கலந்துகொள்ளும்படி கிறித்துவ ஊழியரைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது அதன் சாரம். அப்பேராயர், கிராண்ட் வழியே குருவாக வந்த அதே டேனியல் காரி. விதைத்தது முளைக்க முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கவர்னர் பிரெடரிக் ஆடம் அரசு அவரைக் கண்டித்தது. 1838இல் மதராஸ் படையின் தலைமைத் தளபதி பெரிக்ரின் மேட்லாந்து, கோயில் விழாக்களில் படைமரியாதை செலுத்தும் ஆணையை நிறைவேற்ற மனச்சாட்சி இடந்தரவில்லை என்று பதவி விலகினார். ஒரு மாகாணத்தின் தளபதி சமய நம்பிக்கையின் பொருட்டுப் பதவியைத் துறந்தது இலண்டனை உலுக்கியது. 1840களின் தொடக்கத்தில் விலகல் செயலுக்கு வந்தது. திருப்பதி 1843இல் ஹாத்திராம்ஜி மடத்து மகந்திடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பல தருமகர்த்தாக்களிடமும் சைவ ஆதீனங்களிடமும் சென்றன.

இங்கு ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. தேரிழுக்கக் குடியானவரைக் கட்டாயமாகப் பிடித்து வந்த வழக்கம் கொடுமையானது. அதை எதிர்த்து ஓயாமல் எழுதியவர்கள் இந்தப் 'பிடிவாதக்காரர்களே'. நெல்லையில் கிறித்துவம் தழுவிய நாடார் குடும்பங்களுக்கு மிஷனரியின் கடிதம் ஒன்றே அரசின் கதவைத் தட்டும் கருவியாக இருந்தது. 1859இல் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை பெற்றதில், மதராஸ் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் திவானுக்குக் கொடுத்த அழுத்தத்துக்குப் பங்குண்டு. அவரும் அதே சமய வட்டத்தில் வளர்ந்தவர், சக்கரி மெக்காலேயின் மருமகன்.

ஆனால் கோயிலிலிருந்து விலகச் சொன்ன அதே மனச்சாட்சி, பள்ளிக்குள் நுழையவும் சொன்னது. 1842 முதல் 1848 வரை கவர்னராக இருந்த ட்வீட்டேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக்கலாம் என்று 1846 ஆகஸ்டில் குறிப்பு எழுதினார். நெல்லையிலோ நிலைமை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. மதமாற்றத்துக்கு எதிராக விபூதிச் சங்கம் இயங்கியது; 1845இன் இறுதியில் நல்லூர்ப் பகுதியில் கலவரம் மூண்டது. அவ்வழக்கில் அரசு மிஷனரிகளுக்குச் சாதகமாக நீதிமன்றத்தில் தலையிடுகிறது என்று குற்றஞ்சாட்டிய சதர் அதாலத் நீதிபதி மால்கம் லூயின் 1846இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கப்பட்டவர் ஆங்கிலேயர் என்பது கவனிக்கத்தக்கது.

இந்நேரத்தில்தான் சென்னையின் வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டி முன்வந்தார். 1844இல் அவர் தொடங்கியிருந்த 'கிரசண்ட்' என்ற ஆங்கில இதழ் மிஷனரி இதழ்களுக்கு மறுமொழி கூறி வந்தது. 1846 அக்டோபரில் சென்னையில் பெருங்கூட்டம் கூட்டி, விவிலியப் பாடத்தையும் லூயின் நீக்கத்தையும் எதிர்த்து இயக்குநர்களுக்கு மனு அனுப்ப ஏற்பாடு செய்தார். அம்மனுவின் வாதமுறை நுணுக்கமானது. கிறித்துவம் தவறு என்று அது வாதிடவில்லை. அரசு நடுநிலை தவறுகிறது என்றே வாதிட்டது. பத்தாண்டுகளுக்கு முன் காரி கையாண்ட அதே சொல். கோயில் நிருவாகத்தைக் கைவிடுவதுதான் நடுநிலை என்றார் காரி. விவிலியத்தைப் பள்ளியில் வைக்காதிருப்பதும் அதே நடுநிலைதான் என்றார் செட்டி. 1847இல் இயக்குநர்கள் ட்வீட்டேலின் திட்டத்தை நிராகரித்தனர். 1852இல் செட்டி நிறுவிய மதராஸ் சுதேசிகள் சங்கத்தைத் தென்னிந்திய அரசியல் அமைப்புகளின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அதன் வேர் இந்த விவிலிய விவகாரத்தில் இருக்கிறது என்பதற்கு உரிய அழுத்தம் அரிதாகவே தரப்படுகிறது.

மதம் மாறியவரின் சொத்துரிமையைக் காத்த 1850ஆம் ஆண்டின் இருபத்தொன்றாம் சட்டமும், 1857இன் பேரெழுச்சியும் நன்கறியப்பட்டவை. எழுச்சி அடங்கியபின் பஞ்சாபில் ஹெர்பர்ட் எட்வர்ட்ஸ், அரசு போதிய கிறித்துவத் தன்மை இல்லாததால்தான் தண்டிக்கப்பட்டது என்று வாதிட்டார். 1858 நவம்பர் 1 அன்று வெளியான விக்டோரியாவின் அறிக்கை அதற்கு நேர்மாறாக, சமய நம்பிக்கைகளில் தலையிடுவதில்லை என்று உறுதி கூறியது.

விலகலின் விளைவு விலகச் சொன்னவர்கள் எதிர்பார்த்ததன்று. அரசின் ஆதரவு நீங்கினால் கோயில்கள் தாமே சரியும் என்று அவர்களுள் பலர் நம்பினர். சரியவில்லை, மாறாக, கேள்வி கேட்பாரற்ற தனிக்கைகளுக்குச் சென்றன. 1863ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் விலகலை முழுமையாக்கி, மாவட்டக் குழுக்களை அமைத்தது. அவற்றின் உறுப்பினர்கள் ஆயுள் முழுதும் பதவியில் இருக்கலாம். நிலக் குத்தகை, நகை, அறக்கட்டளை குறித்த வழக்குகள் நீதிமன்றங்களை நிறைத்தன. மைசூரின் பாதை வேறு. அங்கே 'முஜ்ராயி' என்ற தனித்துறை நிலைத்தது. கணக்கில் கழித்துக்கொள்ளப்பட்ட தொகை என்று பொருள்படும் 'முஜ்ரா' என்ற பாரசீக வழக்கின் அடியாகப் பிறந்த பெயர் அது. வரியில் கழித்துக் கோயிலுக்குக் கொடுப்பது என்ற ஏகோஜி காலத்து வழக்கம் அச்சொல்லிலேயே உறைந்துள்ளது. கர்நாடகத்தில் அறநிலையத் துறையைப் பேச்சுவழக்கில் இன்றும் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

கோயில்களை ஆங்கிலேயர் கைப்பற்றினர், சுதந்திர அரசு அதைத் தொடர்கிறது என்ற ஒரே கோட்டுக் கதை இன்று இரு மாநில மேடைகளிலும் ஒலிக்கிறது. இடைப்பட்ட எண்பது ஆண்டுக் கால விலகல் அக்கதையில் இல்லை. அவ்விலகலை வற்புறுத்தியவர் யார் என்பதும் இல்லை. சென்னை மாகாணத்தில் அரசு மீண்டும் கோயில் கணக்கைக் கேட்டது 1920களில், பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவையில்தான். 1922இல் இந்து அறநிலைய மசோதா முன்வைக்கப்பட்டபோது அதை எதிர்த்த தருமகர்த்தாக்களும் மடத்தலைவர்களும் விக்டோரியாவின் அறிக்கையைக் கையிலெடுத்து, அரசு நடுநிலை காக்க வேண்டும் என்று கோரினர். மசோதா 1925இல் சட்டமானது. அதன் செல்லுபடி பற்றிய ஐயத்தால் 1927இல் மறுபடியும் இயற்றப்பட்டது.