கேப்பர் மலையும் காலந்தாழ்ந்த சமாதானமும்

கடலூரில் மலை ஏது என்று வெளியூர் உறவினர் நம்மைக் கேட்பதுண்டு. வண்டிப்பாளையத்துக்கு அப்பால், திருவந்திபுரம் பக்கமாகச் சிவந்து மேடிட்டுக் கிடக்கும் கேப்பர் மலையைத்தான் காட்டுவோம். ஏறக்குறைய நூறடி உயரத்தை மலை என்பது சற்று மிகைதான். கடலோரத்தில் வாழும் நமக்கு அதுவே மலை. ஞாயிறு திருப்பலி முடிந்து பிள்ளைகளோடு முந்திரி மரங்களிடையே காலார நடப்பதற்கு ஏற்ற இடம். அதன் சிவந்த கல்லுக்குப் புவியியலார் இட்ட பெயரே 'கடலூர் மணற்கல்'. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் இவ்வகைப் பாறையின் கீழேதான் கிடக்கிறது.

இம்மேட்டில் ஒரு காலத்தில் பீரங்கிகள் முழங்கின. 1782-ல் பிரெஞ்சுக்காரர் கடலூரைக் கைப்பற்றினர். அதை மீட்க மறு ஆண்டு தளபதி ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலப் படை வந்தது. எதிரே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. அவருக்குத் துணையாக மைசூர் வீரர்கள். 1783 ஜூன் 13 அன்று குன்றின் மேலிருந்த பிரெஞ்சுக் காவல் நிலைகளை ஆங்கிலேயர் தாக்கினர். அன்று ஒரு பகலில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் மாண்டோரும் காயமுற்றோரும் சுமார் ஆயிரம் பேர். ஒரு வாரம் கழித்து, ஜூன் 20-ல், கடலிலும் இரு கப்பற்படைகள் மோதின.

இதில் நெஞ்சை உறுத்துவது யாதெனில், இரு நாடுகளும் முன்னரே சமாதானம் பேசி முடித்துவிட்டன! வெர்சாயில் 1783 ஜனவரி 20-லேயே முதற்கட்ட உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. பாய்மரக் கப்பலில் அச்செய்தி இக்கரை சேர ஜூன் கடைசியாயிற்று. ஜூலை தொடக்கத்தில்தான் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இரு படைகளிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தனர். தளபதிகளின் பெயர்களை ஏடுகள் போற்றுகின்றன. அச்சிப்பாய்களின் பெயரைச் சொல்வார் யார்? பின்னாளில் சுவீடன் மன்னரான பெர்னதோத் இங்கு சிறைப்பட்டார் என்ற கதையை மட்டும் ஆசையோடு சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரமில்லை.

கேப்பர் என்பதும் ஓர் ஆங்கிலப் படை அதிகாரியின் பெயரே. குன்றின் மேல் பிறகு சிறைச்சாலை வந்தது. 1918 நவம்பர் 11-ல் முதல் உலகப் போர் நின்றது. புதுச்சேரியில் பத்தாண்டு ஒதுங்கியிருந்த பாரதியார், இனி ஊர் திரும்பலாம் என்று நவம்பர் 20-ல் எல்லை தாண்டினார். உடனே கைது செய்து கடலூர்ச் சிறையில் அடைத்தனர். டிசம்பர் 14-ல்தான் வெளியே விட்டனர்.