எந்த ஸ்விட்ச் வாங்கலாம்? பதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல இருக்கு

நாகமலை புதுக்கோட்டையில இருந்து பேசுறேன். மெக்கானிக்கல் கீபோர்டு பத்தி இந்த பாட்காஸ்ட்ல ஒரு வார்த்தை பேசினாலே இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான் வருது: "ப்ரோ, ரெட்டா, ப்ரௌனா, ப்ளூவா? எதை வாங்குறது?"

இன்னைக்கு அதுக்குப் பதில் சொல்லிடலாம். ஆனா ஸ்பெக் ஷீட்டைப் படிச்சுக் காட்டப் போறதில்லை. அதுக்கு யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இது வரலாறு வழியா சுத்தி வர்ற பதில். நாம இப்ப காசு கொடுத்துத் தேடுற அந்த 'க்ளிக்' சத்தம் நம்ம ஊருக்கு கேமிங் கடை வழியா வரலை. பேங்க் கவுன்டர் வழியா வந்துச்சு. அதுக்கும் முன்னாடி, மாடிப்படி ஏறிப் போற டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல அது இருந்துச்சு.

அடிப்படையை வேகமா பாத்துடுவோம். சாதாரண கீபோர்டுல பட்டனுக்கு அடியில ரப்பர் குமிழ் இருக்கும். கிட்டத்தட்ட அடிவரைக்கும் அமுக்கினாத்தான் எழுத்து விழும். மெக்கானிக்கல்ல ஒவ்வொரு பட்டனுக்கும் தனியா ஒரு ஸ்பிரிங், தனியா ஒரு ஸ்விட்ச். இந்த ஸ்விட்சுக்கு எல்லாரும் அளவுகோலா வைக்கிறது ஜெர்மனியோட செர்ரி எம்எக்ஸ். 1980கள்ல வந்தது. கம்பெனி 1953-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சு, அப்புறம் ஜெர்மனிக்குப் போனது. பட்டனோட மொத்த ஓட்டம் 4 மில்லிமீட்டர். ரெட் ஸ்விட்ச்ல 2 மில்லிமீட்டர் இறங்கினாலே எழுத்து விழுந்துடும், சத்தமும் இல்ல, தடங்கலும் இல்ல. இதை லீனியர்னு சொல்றோம். ப்ரௌன்ல நடுவுல லேசா ஒரு மேடு தட்டும், அது டேக்டைல். ப்ளூவுல 2.2 மில்லிமீட்டர்ல எழுத்து விழும். அந்த இடத்துல உள்ள இருக்கிற ஒரு குட்டி வெள்ளைத் துண்டு 'டக்'குன்னு குதிச்சு சத்தம் போடும். அது க்ளிக்கி. பேடன்ட் காலம் முடிஞ்சதும் சீனக் கம்பெனிகள் இதே வடிவத்துல நூத்துக்கணக்குல இறக்குனாங்க. அதனாலதான் இன்னைக்குக் கலர் கலரா இத்தனை பேர். அடிப்படை வகை இன்னும் மூணுதான்.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

மெக்கானிக்கல் கீபோர்டுன்னு ஒரு பொழுதுபோக்கு இருக்குன்னே இந்தியாவுல யாருக்கும் பெருசா தெரியாத காலத்துல, இங்க ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு சர்வ சாதாரணமா கிடந்துச்சு. டிவிஎஸ்-இ கோல்டு. பாத்த உடனே தெரியும்: பெருசா, கனமா, அழகுன்னு சொல்றதுக்கு எதுவுமே இல்லாம இருக்கும். பேங்க், பில்லிங் கவுன்டர், டிடிபி சென்டர்னு எங்க நாள் முழுக்க யாராவது ஒருத்தர் டைப் பண்ணிக்கிட்டே இருக்கணுமோ அங்கெல்லாம் அது இருந்துச்சு. பல வருஷம் அதுக்குள்ள இருந்தது செர்ரி எம்எக்ஸ் ப்ளூ. வெளிநாட்டுல இருந்து அதே ஸ்விட்ச் போட்ட கீபோர்டை வரவழைச்சா பல மடங்கு விலை. இது ரெண்டாயிரம் ரூபாய் அக்கம்பக்கத்துல கிடைச்சுது. 2010 ஜூலையில ரூபாய்க்குப் புதுக் குறி வந்துச்சு இல்லையா, உதயகுமார் தர்மலிங்கம்ங்கிற நம்ம தமிழ்க்காரர் வடிவமைச்சது? அந்தக் குறியை பட்டன்ல பொறிச்சு 'கோல்டு பாரத்'னு ஒரு மாடலும் விட்டாங்க.

மதுரைக்காரனா இதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம். டிவிஎஸ் குழுமம் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல மதுரையில தொடங்கினது. பஸ், லாரின்னு வளர்ந்த கம்பெனி. இங்க டிவிஎஸ் நகர்னு ஒரு ஏரியாவே இருக்கு. அந்தப் பேர் போட்ட கீபோர்டுக்குள்ளதான் உலகம் முழுக்க கீபோர்டு பைத்தியங்கள் கொண்டாடுற ஸ்விட்ச் சத்தமே இல்லாம, மன்னிக்கணும், ஏகப்பட்ட சத்தத்தோட உக்காந்திருந்துச்சு.

கேள்வி என்னன்னா, ஏன் ப்ளூ? ஒரு ஆபீஸ் ஹால்ல இருபது பேர் உக்காந்து அடிக்கிற இடத்துக்கு இருக்கிறதுலயே அதிகமா சத்தம் போடுற ஸ்விட்சை ஏன் கொடுக்கணும்? எந்த போர்டு மீட்டிங்ல என்ன பேசி முடிவெடுத்தாங்கங்கிறதுக்குள்ள நான் போகலை. அந்தக் கீபோர்டு முன்னாடி உக்காந்த விரல்கள் எங்க பழகின விரல்கள்னு பாத்தாலே எனக்குக் காரணம் புரியுது.

எங்க சித்தி டைப்ரைட்டிங்ல லோயர், ஹையர் ரெண்டும் முடிச்சவங்க. என் லேப்டாப்புல ஒருநாள் ஒரு விண்ணப்பம் அடிக்க உக்காந்தாங்க. ரெண்டு வரி அடிச்சுட்டு நிமிர்ந்து கேட்டாங்க: "இதுல எழுத்து விழுந்துச்சா இல்லையான்னு எப்படிடா தெரியும்?"

"ஸ்கிரீனைப் பாருங்க சித்தி."

"ஸ்கிரீனைப் பாத்தா பேப்பரை யாரு பாக்குறது?"

மொத்த விஷயமும் இதுல இருக்கு. நாம டைப் பண்றப்ப பெரும்பாலும் நம்ம மண்டையில இருக்கிறதை அடிக்கிறோம், கண்ணு ஸ்கிரீன்ல இருக்கு. டைப்பிஸ்ட் வேலை அப்படி இல்ல. கண்ணு பக்கத்துல வச்ச பேப்பர்ல இருக்கும்: கைப்பிரதி, சுருக்கெழுத்து நோட்டு, பேங்க்னா செலான். ஆங்கிலத்துல லோயர் பாஸ் பண்ண நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அந்த வேகத்துல பேப்பர்ல இருந்து கண்ணை எடுத்தா வரி தவறிப் போகும். அப்ப எழுத்து விழுந்ததை யாரு சொல்லணும்? காதும் விரலும்தான். டைப்ரைட்டர்ல அதுக்குப் பஞ்சமே இல்ல, இரும்புத் தண்டு காகிதத்துல போய் அடிக்குது. அந்தப் பழக்கத்தோட கம்ப்யூட்டருக்கு வந்தவங்களுக்கு, பதில் சொல்ற பட்டன்னா அது ப்ளூதான். நமக்கு அது ஒரு ஸ்டைல். அவங்களுக்கு அது வேலைக்கான கருவி.

அந்த லோயர், ஹையரை லேசா நினைச்சுடாதீங்க. எத்தனையோ வீடுகள்ல, முக்கியமா பெண்களுக்கு, அரசு வேலைக்குள்ள போற வாசல் அதுதான். பிளஸ் டூ லீவுல இன்ஸ்டிடியூட்ல சேர்த்துவிடுறது ஒரு சடங்கு மாதிரியே நடந்துச்சு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல டைப்பிஸ்ட் பணிக்கு அந்த சர்ட்டிபிகேட் வேணும். ஒரு குடும்பத்தோட மாதச் சம்பளம் பத்து விரல் எவ்வளவு தப்பில்லாம நகருதுங்கிறதுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அந்த இன்ஸ்டிடியூட்ல தமிழ் மெஷின் ஒண்ணு இருந்துச்சே, அது எப்படி வந்துச்சு?

தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தோட தந்தைன்னு சொல்லப்படுறவர் ஆர். முத்தையா. 1886-ல யாழ்ப்பாணத்துல சுண்டிக்குளியில பிறந்தவர். 1907-ல மலாயாவுக்குப் பிழைக்கப் போனார். சிங்கப்பூர்ல கம்பெனி வேலை. ஆங்கிலத்துல கடிதம் எல்லாம் மெஷின்ல பறக்குது, தமிழ் மட்டும் கையெழுத்துல நிக்குது. இறங்கிட்டார். பிரச்சினை என்னன்னு ஒரு இன்ஜினியர் மாதிரி யோசிச்சுப் பாருங்க: தமிழ்ல எழுத்து 247. மெஷின்ல சாவி நாற்பத்தி சொச்சம். ஷிஃப்ட் போட்டாலும் ரெண்டு மடங்குதான் வரும்.

அதுக்கு அவர் எடுத்த வழி, எழுத்தைத் துண்டு துண்டாப் பிரிக்கிறது. கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. ஆனா புள்ளி எழுத்துக்குப் பக்கத்துல இல்ல, தலைக்கு மேல உக்காரணும். டைப்ரைட்டர்ல ஒரு சாவியை அடிச்சா காகிதம் ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்துடும். எழுத்தை அடிச்சிட்டு புள்ளி வைக்கப் போனா, புள்ளி அடுத்த எழுத்தோட இடத்துல விழும். அதுக்குத்தான் நகரா விசை. அதை அடிச்சா அச்சு விழும், காகிதம் நகராது. அதனால முதல்ல புள்ளி, அப்புறம் எழுத்து. புள்ளி காத்துல நிக்கும், கீழ 'க' வந்து சேரும், 'க்' ஆயிடும். கையால எழுதுறப்ப எழுத்து முதல்ல, புள்ளி கடைசியில. மெஷின் அதைத் தலைகீழாக்கிடுச்சு. தலைமுறை தலைமுறையா டைப்பிஸ்டுகள் புள்ளியை முதல்ல வச்சாங்க. சித்தி விரல் இன்னைக்கும் புள்ளிக்குத்தான் முதல்ல போகும்.

முத்தையாவோட மெஷினைத் தயாரிச்சுக் கொடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? ஜெர்மனியில டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமன். தையல் மெஷினும் சைக்கிளும் செஞ்ச கம்பெனி. 'பிஜோ'ங்கிற பேர்ல கையில தூக்கிட்டுப் போற மாடலும் வந்துச்சு. ஆக, ப்ளூ ஸ்விட்ச் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தமிழ் விரல் ஜெர்மன் இரும்பைத் தட்டியாச்சு.

இன்ஸ்டிடியூட்ல தமிழ் படிச்சவங்களுக்கு முதல் பாடம் 'யளனக'. ஆங்கிலத்துல ஏ, எஸ், டி, எஃப் இருக்கிற இடம். இடது சுண்டுவிரல்ல 'ய'. சுண்டுவிரலால கனமான தண்டைத் தூக்கி அடிச்சுப் பாருங்க, அப்பத்தான் நாம 45 கிராம், 60 கிராம்னு சண்டை போடுறது எவ்வளவு சொகுசான சண்டைன்னு தெரியும்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. கம்ப்யூட்டருக்கு காகிதமும் இல்ல, நகர்வும் இல்ல. எந்த வரிசையில அடிச்சாலும் மென்பொருள் சேத்து வச்சிக்கும். ஆனா பழகின விரலை விட்டுட முடியாதே. அதனால டைப்ரைட்டர் அமைப்பு அப்படியே மென்பொருளுக்குள்ள வந்து குடியேறிடுச்சு. இங்க ஒரு கோளாறு. டைப்ரைட்டர்ல 'கெ' அடிக்க முதல்ல கொம்பு, அப்புறம் 'க', ஏன்னா கண்ணுக்குத் தெரியிற வரிசை அதுதான். யூனிகோட்ல 'க' முதல்ல, கொம்பு அப்புறம். கோடு எழுதுறவங்களுக்குப் புரியும்: கொம்பு வந்ததும் உடனே எதையும் முடிவு பண்ணாம, அடுத்து என்ன வருதுன்னு காத்திருக்கணும். நகரா விசையை மறுபடியும் மென்பொருள்ல கட்டின மாதிரிதான்.

1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்துச்சு. அதுல இருந்து வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை, அந்த வருஷமே தமிழ்நாடு அரசு அதைத் தரமா அறிவிச்சுது. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'க' அடிச்சு 'இ' அடிச்சா 'கி'. எழுத்துப் பிறக்கிற முறையிலயே விரலும் போகும், ரெண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், தமிழ் டைப் பண்றவங்க எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுவேன். ஆனா இருபது வருஷம் 'யளனக'வுல சம்பளம் வாங்கின ஒருத்தர்கிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவங்க விரலைத் திரும்ப ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வைக்கிற மாதிரி அது. நல்லவேளை, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் மாதிரி மென்பொருள்கள் ரெண்டு அமைப்பையும் வச்சிருக்கு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். தமிழ்99-ல ஒரு அழகான வசதி: ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா புள்ளி தானா விழும். 'அப்பா'வுக்கு அ, ப, ப, ஆ, நாலே தட்டு. டைப்ரைட்டர் முறையில அ, புள்ளி, ப, ப, கால்னு அஞ்சு. தமிழ்ல க்க, த்த, ப்ப, ட்ட வராத வரியே கிடையாது. அப்படின்னா, தமிழ்99-ல அடிக்கிறவங்க ஒரே பட்டனை அடுத்தடுத்து ரெண்டு தடவை தட்டிக்கிட்டே இருப்பாங்க.

இங்கதான் ஸ்விட்ச் வித்தியாசம் நிஜமாவே கையில தெரியும். ப்ளூவுல எழுத்து விழுற இடமும், பட்டன் திரும்ப 'தயார்' ஆகுற இடமும் ஒண்ணு இல்ல. அந்த வெள்ளைத் துண்டு மறுபடி மேல ஏறி உக்கார, விரலை அதிகமாத் தூக்கணும். அவசரத்துல பாதி தூக்கி அடிச்சா ரெண்டாவது 'ப' விழாது, 'அப்பா' 'அபா' ஆயிடும். ரெட்ல அந்த ரெண்டு இடமும் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ரெட்டைத் தட்டு சுலபம். கேமிங் ஆளுங்க ரெட் கேக்குறதுக்கும் இது ஒரு காரணம்.

அதனால என் கணக்கு இது. பேப்பரைப் பாத்து அடிக்கிற வேலை, தனி ரூம், இல்லன்னா வீட்ல டைப்ரைட்டிங் படிச்ச அம்மாவோ சித்தியோ இருக்காங்கன்னா ப்ளூ. டிவிஎஸ் கோல்டையும் பரிசீலிங்க, ஆனா இப்ப வர்ற பெட்டிக்குள்ள எந்த ஸ்விட்ச்னு கேட்டுட்டு வாங்குங்க. தமிழ்99-ல நிறைய எழுதுறவங்களுக்கு லீனியர். ஆபீஸ் கால்ல மைக் ஆன் பண்ணியே டைப் பண்ற வழக்கம் இருந்தாலும் லீனியர்தான், டீம் உங்களைச் சபிக்காது. ப்ரௌன், என் அபிப்பிராயத்துல, முடிவெடுக்க முடியாதவங்களோட ஸ்விட்ச். ப்ரௌன் ரசிகர்கள் மெயில்ல திட்டலாம், எப்பவும் போல படிக்கிறேன்.

கடையில டெமோ கீபோர்டு வச்சிருந்தா ஆங்கிலத்துல அடிச்சுப் பாத்துட்டு வந்துடாதீங்க. தமிழ்99-ஐ ஆன் பண்ணி, "பக்கத்துக் கடையில முட்டை, அப்பளம், சட்டித் தக்காளித் தொக்கு"ன்னு வேகமா பத்து தடவை அடிங்க. எத்தனை புள்ளி காணாமப் போச்சுன்னு எண்ணிட்டு காசைக் கொடுங்க.