இந்தியாவில் எஞ்சிய அமெரிக்கக் கார்கள்: எண்களும் ஏடுகளும்

பழைய கார் அணிவகுப்பில் ஒரு பெரிய அமெரிக்கக் கார் வந்து நின்றால் எல்லார் கண்ணும் அதன் குரோமிய கிரில்லின் மேலும் பளபளக்கும் பெயிண்டின் மேலும்தான் விழும். காரை இனங்காண அவை உதவா. கிரில்லை வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியிருக்கலாம். பெயிண்டு போன மாதம் அடித்ததாக இருக்கலாம். சேஸிஸில் பொறித்த எண், பானெட்டுக்குள் இருக்கும் தகடு, ஆர்.சி. புத்தகம் இவை மூன்றும் ஒத்துப்போகும்போதுதான் இது இன்ன கார், இன்ன ஆண்டினது என்று துணிந்து சொல்ல முடியும்.

இங்கே எஞ்சியிருப்பவற்றில் பல, பாகங்களாகக் கப்பலில் வந்து இந்தியாவிலேயே பூட்டப்பட்டவை. ஃபோர்டு 1926இல் இந்தியக் கம்பெனியைத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சிவ்ரியில் செவ்ரலே கார்களைப் பூட்டத் தொடங்கியது. வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947 முதல் குர்லாவில் கிரைஸ்லர் குழுமத்தின் டாட்ஜ், பிளைமவுத், டீசோட்டோ கார்களைத் தந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைப் பூட்டியது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கே இடம் என்று அரசு முடிவெடுத்ததும், 1950களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின.

தடம் தேடுவோர் பலர் நேரே அமெரிக்க ஆவணங்களுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பிரிட்டிஷ் பேரரசு நாடுகளுக்குள் வரிச் சலுகை இருந்ததால், வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட ஃபோர்டுகள் கனடாவிலிருந்தே இந்தியாவுக்கு வந்தன. ஃபோர்டின் இந்தியக் கம்பெனியே கனடா ஃபோர்டின் கிளைதான். மாடல் ஏ காரின் எஞ்சின் எண் ‘சிஏ’ என்று தொடங்கினால் அது கனடாவில் செய்தது. அதன் எண்ணை டெட்ராய்ட்டில் தேடிப் பயனில்லை. ஒன்டாரியோ பக்கம்தான் தேட வேண்டும்.

கிரைஸ்லர் கார்களில் குழப்பம் இன்னும் அதிகம். டாட்ஜ் கிங்ஸ்வே, டீசோட்டோ டிப்ளமேட் என்ற பெயர்கள் அமெரிக்க உள்நாட்டு விற்பனைப் பட்டியல்களில் இல்லை. ஏற்றுமதிக்காக பிளைமவுத் உடலில் டாட்ஜின் முகத்தையோ டீசோட்டோவின் முகத்தையோ வைத்துச் செய்தவை அவை. இதை அறியாதவர் நல்ல காரையே ‘கலப்படம்’ என்று தள்ளிவிடுகிறார். இந்தியச் சேகரிப்பாளர்கள் பெருமையோடு காட்ட வேண்டிய கார்கள் இவை என்பேன்.

எஞ்சின் மாற்றம்தான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது, குடிக்கும் வண்டி என்று பேரெடுத்த இக்கார்கள் பலவற்றில் டீசல் எஞ்சின் ஏறியது. அக்காலத்து அமெரிக்கக் கம்பெனிகள் பல, எஞ்சின் எண்ணையே காரின் அடையாள எண்ணாகக் கொண்டிருந்தன. பழைய எஞ்சின் காயலான் கடைக்குப் போனதும் காரின் அடையாளமும் அதோடு போயிற்று. ஃபோர்டு மாடல் ஏயிலும் பழைய வி8இலும் ஒரு வழி மிச்சமிருக்கிறது: அதே எண்ணை இடப்பக்க சேஸிஸ் சட்டத்தின் மேலும் பொறித்திருப்பார்கள். மாடல் ஏயில் அது உடலுக்கு அடியில் மறைந்திருப்பதால் பாடியைத் தூக்கினால்தான் தெரியும். 1930களின் பேக்கர்டு வாங்கியவருக்கு இந்தச் சிரமம் குறைவு. விற்ற டீலரின் பெயரையும் விநியோகித்த தேதியையும் அதன் தகட்டிலேயே பொறித்தார்கள்.

எண்ணுக்கு அடுத்தது ஏடு. பழைய ஆர்.சி. புத்தகத்தில் ஒவ்வொரு ஓனரின் பெயரும் கைமாறிய தேதியும் வரிசையாக இருக்கும். வண்டியின் வரலாறாக அதைவிட நம்பகமான ஏடு வேறில்லை. குடும்ப ஆல்பங்களையும் புரட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஜானவாசத்துக்குத் திறந்த பெரிய கார்கள் வாடகைக்குப் போயின. மாப்பிள்ளை அமர்ந்த படத்தில் நம்பர் பிளேட் தெளிவாக விழுந்திருந்தால் அது ஓர் ஆதாரம். அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்தே திறந்த உடலோடு வந்ததா, பிறகு கூரை நீக்கப்பட்டதா என்பதற்கு பாடித் தகடே சாட்சி.

2021இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்து மூல வடிவம் கெடாத வாகனம் ‘விண்டேஜ்’ ஆகப் பதிவு பெறும். புதிதாகப் பதிவோருக்கு ‘விஏ’ வரிசை எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய சென்னை மாகாண எண் கொண்ட கார் உங்களிடம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். அது எந்த ஊரில், எந்தக் காலத்தில் ஓடியது என்பதற்கான சான்று அந்த எண்.

கார் வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும் விடுமுன் எல்லாத் தகடுகளையும் படமெடுங்கள். பாடியைத் தூக்கும் நாளில் வொர்க்‌ஷாப்பில் நீங்களே நின்று, சேஸிஸ் எண்ணின் மேல் தாள் வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். துரு நீக்கும் மெஷின் அந்த எழுத்துகளை அழித்துவிட்டால் மீட்பது அரிது.