துடைக்கக் கூடாத துரு

டோக்கியோவில் ரியோகொகு ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் சுமோ அரங்கம்தான் கண்ணில் படும். அதைத் தாண்டி, பழைய யசுதா தோட்டத்தை ஒட்டி அமைதியான ஒரு கட்டடம். வாள் அருங்காட்சியகம். 2019-ல் ஒரு ப்ராஜெக்ட்டுக்காக ஆறு வாரம் அந்த ஊரில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். சாமுராய் படங்கள் பார்த்து வளர்ந்தவன் என்பதைத் தவிர எனக்கும் வாளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பிடியும் உறையும் கழற்றப்பட்டு, வெறும் இரும்பாகப் படுத்திருந்தன வாள்கள். எழுநூறு வருஷத்துப் பொருள் என்று அட்டை சொல்கிறது. பார்த்தால் நேற்றுச் செய்தது போல மின்னுகிறது. ஆனால் பிடிக்குள் போகும் அடிப்பகுதி மட்டும் கறுத்து, சொரசொரப்பாக, துருவேறிக் கிடந்தது. ஒரு வாளில் அல்ல, எல்லாவற்றிலும்.

கூட வந்த ஜப்பானிய சகாவிடம் கேட்டேன்: “இவ்வளவு பளபளன்னு வெச்சிருக்காங்க, இந்தத் துருவை மட்டும் ஏன் தேய்ச்சு எடுக்கல?”

அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பணியாளர் ஒருவரிடம் கேட்டுவந்து சொன்னார்: “அதைத் தேய்ச்சா, அப்புறம் இது எந்தக் காலத்து வாள்னு சொல்றது கஷ்டமாயிடுமாம்.”

எனக்குச் சுருக்கென்றது. எட்டாவது படிக்கும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பத்துப் பதினைந்து பழைய செப்புக் காசுகள் கிடைத்தன. பச்சையும் கறுப்புமாக இருந்தவற்றை ஒரு மத்தியானம் முழுக்கப் புளி போட்டுத் தேய்த்து, தங்கம் மாதிரி ஆக்கி, பெருமையாக எல்லோருக்கும் காட்டினேன். காசு சேர்க்கிற மாமா ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தேய்ச்சுட்டியேப்பா” என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் இருந்தது என்ன என்று அந்த மழை நாளில்தான் புரிந்தது.

*

அந்த அடிப்பகுதிக்கு நகாகோ என்று பெயர். ஒரு பழைய ஜப்பானிய வாளை மதிப்பிடுகிறவர் பிடியைக் கழற்றி நகாகோவைப் பார்க்காமல் முடிவுக்கு வர மாட்டார்.

துருவின் நிறம் முதலில். பல நூறு ஆண்டுகளாக மரப்பிடிக்குள் மெல்ல ஏறிய துரு கருமையாக, கெட்டியாக, சீராக இருக்கும். அது கீழே இருக்கும் இரும்புக்கு ஒரு கவசமும்கூட. செந்துரு என்றால் சமீபத்தில் ஈரம் பட்டிருக்கிறது. அமிலத்தால் அவசரமாக வரவழைத்த போலித் துரு பழகிய கண்ணுக்குத் திட்டுத்திட்டாகத் தெரியும். அடுத்தது அரத்தின் தடம். பிடி வழுக்காமல் இருக்க கொல்லர் நகாகோவின் மேல் அரத்தால் கோடு போடுவார். நேராகவா, சாய்வாகவா, எவ்வளவு சாய்வு என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். பிறகு துளைகள். பிடியையும் வாளையும் ஒரு மூங்கில் ஆணிதான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்த ஆணிக்கு ஒரு துளை போதும். இரண்டு மூன்று இருந்தால், இந்த வாள் வேறு வேறு பிடிகளுக்கு மாறியிருக்கிறது அல்லது வெட்டிச் சுருக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாகத்தான் கையொப்பம். எந்தப் பக்கம் உளியால் பொறித்திருக்கிறது என்பதே ஒரு தகவல். கூர் கீழ்நோக்கித் தொங்கவிட்டு அணிந்த பழைய தாச்சி வாளுக்கும், கூர் மேல்நோக்கி இடுப்பில் செருகிய பிற்காலக் கதானாவுக்கும், அணியும்போது வெளியே தெரிகிற பக்கம் வேறு. பொதுவாக அந்தப் பக்கத்தில்தான் பெயர் இருக்கும்.

எங்கள் வேலையில் ஒரு புரோகிராமில் யார் எப்போது எந்த வரியை மாற்றினார்கள் என்று ஒரு பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். அதை அழிக்கிறவன் ஒன்று புதியவன், இல்லை எதையோ மறைக்கிறவன். நகாகோவின் துரு அந்த மாதிரிப் பதிவு. எமரித்தாள் எடுத்து ஒரு மணி நேரம் தேய்த்தால் போதும், நானூறு வருஷம் காலி.

*

இதில் ஒரு சிக்கல். பதிவையே வெட்டி எறிந்த வாள்களும் ஏராளம், வெட்டியவர்கள் அவற்றின் சொந்தக்காரர்களே.

பதிமூன்று, பதினான்காம் நூற்றாண்டின் தாச்சிகள் பல, குதிரை மேலிருந்து வீச ஏற்ற நீளமானவை. பிற்காலத்தில் போர் முறை மாறியது, குட்டையான வாள் தேவைப்பட்டது. நுனியில் வெட்டினால் வாள் கெட்டுவிடும் என்பதால் அடியில் வெட்டினார்கள். நகாகோ போனது, அதோடு கொல்லரின் பெயரும் போனது. மிகப் பெரிய கொல்லர்களின் வாள்கள் பல இன்று பெயரில்லாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெயரில்லாத இரும்பைப் பார்த்து ‘இது இன்னாருடையது’ என்று சொல்ல ஒரு குடும்பம் இருந்தது. ஹொனாமி. வாளைத் தீட்டுவதும் மதிப்பிடுவதும் தலைமுறைத் தொழில். அவர்கள் ஒரு வாளை ஏற்றுக்கொண்டால் மடித்த காகிதத்தில் சான்று எழுதித் தருவார்கள். சில வாள்களின் நகாகோவில் கொல்லரின் பெயரைத் தங்கத்தால் பதிப்பார்கள். மடித்த காகிதத்துக்கு ஜப்பானிய மொழியில் ஒரிகாமி. ஆமாம், நாம் கொக்கு செய்கிற அதே சொல். தரம் உறுதியான எதையும் ‘ஒரிகாமி உள்ளது’ என்று சொல்லும் வழக்கு இன்றும் அங்கே உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஷோகுன் தொகுகாவா யொஷிமுனே கேட்டதன் பேரில் இந்தக் குடும்பம் நாட்டின் பேர்பெற்ற வாள்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தது. அதில் என்னை நிறுத்திய விஷயம், தீயில் எரிந்துபோன வாள்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். 1615-ல் ஒசாகா கோட்டை விழுந்தபோதும் 1657-ல் எடோ நகரம் எரிந்தபோதும் பெரும் பெயருள்ள வாள்கள் தீயில் சிக்கின. வெந்தாலும் கணக்கில் உண்டு.

ஏன் தீ அவ்வளவு பெரிய இழப்பு? இரும்பு எரிந்து சாம்பலாவதில்லையே. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்கு ஓடி வந்தவன். இரும்பு-கார்பன் வரைபடம் நான் அரியர் வைத்த பேப்பரில் வந்தது. இருபது வயதில் மண்டையில் ஏறாதது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஏறியது. கொல்லர் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் கூரில் மெல்லிசாகவும் பூசி, செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் முக்குகிறார். கூர் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமான மார்ட்டென்சைட் ஆகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நிற்கிறது. மார்ட்டென்சைட்டுக்குக் கொஞ்சம் அதிக இடம் வேண்டும், அதனால் கூர்ப் பக்கம் விரிந்து வாள் வளைகிறது. அந்த அழகான வளைவின் ஒரு பங்கு தண்ணீர்த் தொட்டிக்குள் பிறப்பது. இரண்டு இரும்பும் சந்திக்கும் கோடு மூடுபனி போலத் தெரியும். அதுதான் ஹாமொன். தீ பட்டால் இந்த ஏற்பாடு மொத்தமும் கலைந்து, வெறும் இரும்புப் பட்டை மிஞ்சும். மறுபடி காய்ச்சித் தோய்க்கலாம். ஆனால் அது புதிய கையின் வேலை, மதிப்பு இறங்கிவிடும்.

*

சகாவின் மாமனாருக்கு இதில் ஈடுபாடு. அவர் புண்ணியத்தில் ஒரு கன்டெய் கூட்டத்தில் ஓரமாக உட்காரக் கிடைத்தது. கன்டெய் என்றால் மதிப்பிடுதல். ஒருவகையில் அது விளையாட்டு. நகாகோவை மூடி வைத்துவிடுவார்கள். வாளை வணங்கி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, யார் செய்தது என்று சீட்டில் எழுதித் தர வேண்டும். வாளுக்கு மேல் பேசக் கூடாது. எச்சில் தெறித்தால் துரு. சரியாக எழுதினால் ‘அதாரி’, பட்டுவிட்டது. அதே மரபின் நெருங்கிய கொல்லரை எழுதினால் ‘தோசென்’, ஏறக்குறைய அதுவே. தவறென்றால் ‘இயா’, இல்லை.

என்னையும் எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரே பெயர் மசமுனே. ‘இயா.’ சிரிப்பதற்குக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு தூரம்.

ஆனால் அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. பெயரை முதலில் படித்துவிட்டால் அப்புறம் கண் வாளைப் பார்க்காது, பெயரைத்தான் பார்க்கும். பெயரில்தான் ஏமாற்றும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கொல்லர் கொதெத்சுவின் பெயரில் வந்த போலிகள் அத்தனை. கொதெத்சு என்று பார்த்தாலே போலி என்று நினை என்கிற அளவுக்குச் சொல்வழக்கு. ஷின்சென்குமி தலைவர் கொன்தோ இசாமி பெருமையோடு வைத்திருந்த கொதெத்சுவே போலிதான் என்று ஒரு கதை உண்டு.

அப்போது மாமனார் சொன்ன ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. வாள் நல்லது, பழையது, ஆனால் கையொப்பம் போலி. அப்படி இருந்தால் வாள் பாதுகாப்புச் சங்கம் சான்று தராது. அதே வாள் கையொப்பம் இல்லாமல் வந்தால் சான்று கிடைக்கலாம். அதனால் சில சொந்தக்காரர்கள் போலிக் கையொப்பத்தை ராவி எடுத்துவிடுகிறார்கள்.

“பொய்யைத்தானே அழிக்கறாங்க, நல்லதுதானே?” என்றேன்.

“பொய்தான். ஆனா அதுக்கும் முந்நூறு வயசு” என்றார். “அதோட, நாளைக்கு அது பொய் இல்லன்னு தெரிஞ்சா?”

பதில் இல்லை. அறிஞர்கள் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், அரம் மாற்றிக்கொள்ள முடியாது.

*

இந்தக் கவனமெல்லாம் அமைதிக் காலத்துச் சொகுசு என்று தோன்றலாம். 1588-ல் ஹிதெயொஷி விவசாயிகளின் வாள்களைப் பறித்தார்; கியோட்டோவின் பெரிய புத்தருக்கு ஆணியும் தாழும் செய்ய என்று காரணம் சொன்னார். 1876-ல் மெய்ஜி அரசு வாள் அணிவதையே தடை செய்தது, கொல்லர்கள் பிழைப்பு போய்க் கத்தியும் கத்தரியும் அடித்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி 1945.

தோற்ற நாட்டில் எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னது அமெரிக்க ராணுவம். பட்டாளத்துக்காகத் தொழிற்சாலையில் அடித்த வாளும், அறுநூறு வருஷம் ஒரே வீட்டில் இருந்த வாளும் ஒரே குவியலில் விழுந்தன. போதாக்குறைக்கு, பல அதிகாரிகள் தாத்தா காலத்து வாளையே ராணுவப் பிடி மாட்டிப் போருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கழற்றி நகாகோவைப் பார்த்தால்தான் தெரியும். யார் பார்ப்பது? உருக்கினார்கள், கடலில் கொட்டினார்கள், சிப்பாய்கள் நினைவுப் பொருளாக மூட்டை கட்டினார்கள்.

ஹொன்மா ஜுன்ஜி, சாத்தோ கன்சான் என்ற வாள் அறிஞர்கள் ராணுவப் போலீஸ் பொறுப்பில் இருந்த கர்னல் காட்வெல்லிடம் மன்றாடினார்கள். இவை ஆயுதம் என்பதைவிடக் கலைப்பொருள், பிரித்துப் பாருங்கள் என்று. அவர் காது கொடுத்தார். கலை மதிப்புள்ளவற்றை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. டோக்கியோவின் அகாபானே கிடங்கில் குவிந்தவற்றிலிருந்து சுமார் 5,500 வாள்கள் பொறுக்கி எடுக்கப்பட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1948-ல் அந்த அறிஞர்களின் முன்முயற்சியில் வாள் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. நான் மழைக்கு ஒதுங்கிய கட்டடம் அவர்களுடையது.

தப்பாதவையும் உண்டு. ஹொன்ஜோ மசமுனே, 1939-ல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட வாள். அதற்கும் கையொப்பம் கிடையாது. தொகுகாவா குடும்பத் தலைவர் இயெமாசா சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, 1945 டிசம்பரில் மெஜிரோ போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தார். அடுத்த மாதம் ஓர் அமெரிக்க சார்ஜென்ட் வாங்கிப் போனதாகப் பதிவு. காதில் விழுந்தபடி எழுதிய அந்தப் பெயருக்கு உரிய ஆளை இன்றுவரை அடையாளம் காண முடியவில்லை. வாளும் இல்லை.

எதிர்ப்பக்கக் கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அல்கா-செல்ட்சர் மாத்திரை செய்த மைல்ஸ் நிறுவனத்தின் தலைவர் வால்டர் காம்ப்டன் அமெரிக்காவில் பெரிய சேகரிப்பாளர். அவரிடம் இருந்த ஒரு குனிமுனே வாள், போருக்குப் பின் காணாமல் போன, ககோஷிமாவின் தெருகுனி கோயிலுக்குச் சொந்தமான தேசியப் பொக்கிஷம் என்று தெரிந்தது. 1963-ல் ஒரு காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

*

கூட்டம் முடிந்ததும் மாமனார் பராமரிப்பைச் செய்து காட்டினார். மென்மையான தாளால் பழைய எண்ணெயைத் துடைத்தார். தீட்டுக்கல்லின் நுண்பொடி வைத்த சின்னப் பொட்டலத்தால் மெல்லத் தட்டி மறுபடி துடைத்தார். கிராம்பு வாசனை எண்ணெயை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பூசினார். விரல் படவே இல்லை. நகாகோவின் கிட்டேயே போகவில்லை. வாள் தூங்கும் வெள்ளை மர உறையைச் சோற்றுப் பசையால்தான் ஒட்டுவார்களாம். உள்ளே துரு படிந்தால் பிளந்து சுத்தம் செய்ய, சுலபமாக விட்டுக்கொடுக்கிற பசை வேண்டும்.

“மழுங்கினா நீங்களே தீட்டலாமா?” என்றேன். பதறிப்போனார். ஒவ்வொரு தீட்டலும் கொஞ்சம் வாளைத் தின்கிறது. மேல்தோல் தேய்ந்து உள்ளிரும்பு வெளியே வந்துவிட்ட வாள்கள் உண்டு. அதனால் தேர்ந்த கைதான் தொடலாம், அதுவும் வேறு வழியே இல்லாதபோது.

புறப்படும்போது வாளோடு வைத்திருந்த பதிவு அட்டையைக் காட்டினார். மாகாணக் கல்விக் குழு தருவது. நீளம், வளைவு, துளைகளின் எண்ணிக்கை, கையொப்பம் எல்லாம் இருந்தன. சொந்தக்காரர் பெயருக்கு இடமே இல்லை. பதிவு வாளுக்கு, ஆளுக்குக் கிடையாது. கை மாறினால் புதியவர் தகவல் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டை வாளோடு போய்விடும்.

ஊருக்கு வந்ததும் பரணில் தேடி அந்தக் காசுகளை எடுத்தேன். இருபது வருஷத்தில் மறுபடி லேசாகக் கறுக்க ஆரம்பித்திருந்தன. எழுத்து பாதி என் புளியிலேயே போயிருந்தது. ஒரு பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்தேன். என் பையன் பார்த்துவிட்டு, “அப்பா, இதைப் பளபளன்னு ஆக்கலாமா?” என்றான்.

“இயா” என்றேன்.